கீழத்தெருவின் பதினைந்தரை டிகிரி

என் தங்கராசுவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. இன்று விடிந்ததும் உன் வீட்டுக் கொல்லைக்குப் போய் உன் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். முருங்கைக்குப் பக்கத்தில், நீயே செய்து வைத்த மரப்பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது. பதினெட்டு காட்டியது. மேலத்தெருவில், என் வீட்டில், இருபத்தொன்று. அதே மூன்று டிகிரி வித்தியாசம்.

"இந்தப் பக்கம் குளிருதுன்னு இருபது வருசம் கழிச்சு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்?" என்று மல்லிகா கேட்டார். உன் மனைவிக்கு அப்படியே உன் வாய். அதற்கான பதிலை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். நம் வானிலைத் தாளிலேயே சொல்கிறேன், ஏனென்றால் நான் செய்ததும் இந்தத் தாளில்தான்.

இன்று இதை வாங்கிப் படிக்கிறவர்கள் பலருக்கு அந்தக் காலம் தெரியாது. அப்போது நாம் நான்கே பேர். நீ, நான், கோடியக்கரை உப்பளத்தில் வேலை பார்த்த சேது அண்ணன், நாகப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி மெக்கானிக் ஒருவர். தினமும் காலையில் குறைந்தபட்ச வெப்பநிலையைக் குறித்து, வாரம் ஒரு தபால் கார்டில் எனக்கு அனுப்ப வேண்டும். நான் தொகுத்து, சைக்ளோஸ்டைல் எடுத்து அனுப்புவேன். எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு அப்பாவின் நெல்லைக் காத்துக்கொண்டிருந்தவனுக்கு அது ஒரு பதவி.

உனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. அதை நான் மன்னிக்கவே இல்லை. அதற்கு முன்பே இன்னொன்றும் இருந்தது. புதுச் சட்டம் வந்ததும் உன் அப்பா எங்கள் ஆற்றோர வயலில் தன் பெயரைக் குத்தகைதாரராகப் பதிந்துகொண்டார். "கூடப் படிக்கிறான், கூடப் படிக்கிறான்னு கூட்டிக்கிட்டுத் திரிஞ்சியே" என்று என் அப்பா சாகும்வரை என்னைக் குத்திக்கொண்டிருந்தார். ஆட்சியில் இருந்தவர்கள்மேல் அந்தக் கோபத்தைக் காட்ட முடியாது. நீ பக்கத்தில் இருந்தாய்.

தஞ்சாவூர் காலேஜில் நீ என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவாய். வெள்ளிக்கிழமை ஊருக்கு வரும் பஸ்ஸிலும் வழியெல்லாம் மச்சான்தான். நம் ஊர் நிறுத்தத்தில் படியிறங்கும்போது அது "வர்றேங்க" ஆகிவிடும். இங்கேயும் அப்படியே கூப்பிடு என்று நான் ஒருநாளாவது சொல்லியிருக்கலாம் இல்லையா?

அந்தக் கார்த்திகை உனக்கு மறந்திருக்காது. மழை கொட்ட வேண்டிய மாதத்தில் வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. மார்கழி வாடை ஒரு மாதம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. சேது அண்ணன் கார்டுக்குக் காத்திருக்காமல் நம் ஊர்க் கடைக்கே போன் போட்டார். "தம்பி, பாத்தியில எறங்க முடியல, கால் மரத்துப்போவுது. இங்க பத்தொம்பது. அங்க என்ன?"

அந்தக் குளிர் அடித்த மூன்று நாளும் விடிந்ததும் வாய்க்கால் மதகில் நாம் சந்தித்தோம். முதல் நாள் உனக்குப் பதினெட்டு, மறுநாள் பதினேழு. மூன்றாம் நாள் தூரத்திலிருந்தே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்தாய்.

"பதினஞ்சரை மச்சான்! பதினஞ்சரை!"

அன்று என் வீட்டில் பதினெட்டரை. கார்த்திகையில் உன் எண் அளவுக்குக் குறைந்ததாக நம் நான்கு பேர் நோட்டிலும் இல்லை. நானோ, நீ கூப்பிட்டது யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றிலும் பார்த்தேன். "ஐஸ் கட்டி வச்சுப் பாத்தியா?" என்றேன். "ஃபிரிட்ஜெல்லாம் உங்க தெருவுலல்ல இருக்கு" என்று சிரித்தாய். பிறகு குரலை இறக்கி, "இதைத் தாள்ல போட்டு, கையெழுத்து வச்சு எனக்கு ஒரு பிரதி தரணுங்க. தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியில மனுவோட கொடுக்கணும்" என்றாய். மச்சான் மறுபடியும் போய்விட்டது.

கீழத்தெரு பள்ளம். மழை பெய்தால் முழங்கால் தண்ணீர், பெய்யாவிட்டால் குளிர் வந்து தேங்கும். மேட்டுத் திடலில் வீட்டுமனைப் பட்டா கேட்டு உங்கள் தெருவே மனு எழுதியிருந்தது. திடல் புறம்போக்குதான். ஆனால் எங்கள் வீட்டுக் கதிரைத்தான் அங்கே அடித்தோம்.

குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் இறங்கித் தங்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். உன் எண் சரி என்று மதகிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்தப் பதினைந்தரைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தேன். ஐயத்துக்குரியது. கீழே கையெழுத்தும் போட்டேன். நீ அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மனுவோடு குத்திவிட்டாய். அவ்வளவு நம்பிக்கை உனக்கு.

ஜமாபந்தியில் அதிகாரி தாளைப் புரட்டினார். "ஏம்ப்பா வாத்தியாரே, உங்க ஆளே ஐயத்துக்குரியதுன்னு எழுதியிருக்காரே?" கூட்டம் சிரித்தது. அவர் மனுவை ஒதுக்கி வைத்தார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

நீ சண்டை போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அடுத்த வாரமும் உன் கார்டு வந்தது. ஏழு நாளுக்கு ஏழு எண்கள். அடியில், "நலம். ஐயத்துக்குரியது." அன்றிலிருந்து எந்தக் கார்டிலும் நீ அதை விடவில்லை. "மகள் பிறந்திருக்கிறாள். ஐயத்துக்குரியது." "இன்று நல்ல மழை. ஐயத்துக்குரியது." சில நாள் எரிச்சலாக இருக்கும், சில நாள் சிரிப்பு வந்துவிடும். மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை. கடைசிக் கார்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. "சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். ஐயத்துக்குரியது." அப்போதும் உன்னைப் பார்க்க நான் வரவில்லை.

மேட்டுத் திடல் இப்போது யாருக்கும் இல்லை, தெரியுமா? அறுவடை மெஷின் வந்த பிறகு களம் எதற்கு? கருவேலம் மண்டிக் கிடக்கிறது. இதற்காகத்தான் உங்களை இருபது வருடம் பள்ளத்தில் இருக்க வைத்தேன்.

இன்று காலை மல்லிகா, "டீ போடவா? குடிப்பீங்களா?" என்று சந்தேகத்தோடு கேட்டார். குடித்தேன். உன் வீட்டில் ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தப் பழைய மனுவை அவர் மறுபடியும் எழுதி வைத்திருக்கிறார்.

வருகிற வைகாசி ஜமாபந்தியில் அந்த மனுவோடு நானும் போகிறேன். திடல் எங்களுடையதல்ல, எண் சரி, சொல்தான் பொய் என்று கூட்டம் கேட்கச் சொல்வேன். ஆற்றோர வயல் விஷயத்தில் உன் அப்பாமேல் இருக்கும் கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை. அதை மறைத்து உன்னிடம் நல்லவனாக நடிக்க மாட்டேன். ஆனாலும் போவேன்.

என்னிடமுள்ள அந்தப் பழைய தாளில் அந்தச் சொல்லை அடிக்கப் பேனா எடுத்தேன். அடிக்கவில்லை. நீ இருந்தால் இந்த வாக்குறுதிக்குக் கீழேயும் அதையே எழுதியிருப்பாய். எழுதியதாகவே வைத்துக்கொள்கிறேன். ஜமாபந்தி முடிந்து வந்து இரண்டையும் சேர்த்து அடிக்கிறேன்.

இனி ஊருக்குள்ளும்,
உன் மச்சான்,
கோவிந்தராஜன்