இரண்டு படிக்கட்டும் ஈரம்

மார்ச் 4, திங்கள்

நாத்தனார் வந்து நின்றாலே நமக்கு வேலை வைக்கப்போகிறாள் என்று அர்த்தம். இந்தக் குடியிருப்பில் வேலையில்லாதவர்களைச் சேர்த்து, கட்டடத்தை நாமே பராமரிக்கச் சங்கம் தொடங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை வீட்டு வசதி வாரிய அதிகாரி வந்து பார்ப்பார். திருப்தியென்றால் பராமரிப்பு வேலையும் சம்பளமும் இங்குள்ளவர்களுக்கே. இல்லையென்றால் வெளியாளுக்கு.

"அண்ணனையும் அனுப்புங்க அண்ணி."

ஆலை மூடியதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் மனிதர். அவராவது, போவதாவது! நான் லிஃப்ட் உள்ள வீடு பார்க்கத் தரகரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்ச் 5

போனார்! எழுப்பாமலே எழுந்து போனார்.

மார்ச் 7, வியாழன்

சிரிப்பதா, அழுவதா? படிக்கட்டு இரண்டு, குழுவும் இரண்டு. போட்டி போட்டுக்கொண்டு இரண்டையும் ஒரே நேரத்தில் பெயின்ட் அடித்து முடித்துவிட்டார்கள். வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். என் வீட்டுக்காரர் கீழிருந்து அடித்துக்கொண்டே ஏறி, மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டார். "யாரும் கால வைக்காதீங்க, ஈரம்!" என்று அங்கிருந்து அதட்டல் வேறு. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அந்த நேரம் பார்த்து அதிகாரி — ஒரு நாள் முன்னதாக. போச்சு, எல்லாம் போச்சு...

நாத்தனார் மழுப்பவில்லை. "இன்னிக்கு மேல போக முடியாது சார். ஒரு படி விட்டு ஒரு படி அடிச்சிருக்கணும். நான்தான் சொல்லாம விட்டுட்டேன்." எனக்கு அந்தத் தைரியம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.

கீழ்வீட்டு டெய்லரம்மா நாற்காலி போட்டார். அதிகாரி உட்கார்ந்தார். இத்தனை வருடம் ஒருவரையொருவர் முகம் பார்த்துச் சிரிக்காதவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, எந்தப் படி யார் அடித்தது என்று ஒரே சண்டை. அவர் கேட்டது ஒன்றுதான்: "மாடியில இருக்கறவர் சாப்பிட்டாரா?"

வீட்டுக்காரர் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து இறக்கினார். வாளியில் சாப்பாடு வைத்து அனுப்பினோம்.

மார்ச் 8

அதிகாரி மறுபடி வந்தார். முதல் படியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

மார்ச் 19

பராமரிப்பு வேலை நம் சங்கத்துக்கே! வாசலில் கைதட்டல் அடங்கவில்லை. நாத்தனாரிடம் நேரில் சொன்னால் தலைகால் புரியாது, இங்கே எழுதி வைக்கிறேன்: கெட்டிக்காரி.

மார்ச் 22

தரகர் கூப்பிட்டார். லிஃப்ட் உள்ள வீடு அமைந்துவிட்டதாம்.

"வேணாங்க" என்றேன். "எங்க படிக்கட்டு என் வீட்டுக்காரர் அடிச்சது."