புரட்டாத பக்கத்தைப் படித்த வாண்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கை வாண்டும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்றுதான் போனில் சொல்கிறாய், ஆனால் போன வாரம் குரல் கம்மியிருந்தது, சளியை மறைக்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம். மாடி வீட்டுக்காரர் குழாயைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்கிறார், அதையும் நான் நம்பவில்லை, நம் சுவர் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு வீட்டுக்குள்ளேயும் டிக்கெட் செக்கிங்தான் என்று அம்மா சலித்துக்கொள்கிறாள். இத்தனை வருஷம் பஸ் பஸ்ஸாக ஏறி டிக்கெட் பார்த்தவனுக்குப் புத்தி வேறு எப்படிப் போகும், நீயே சொல்.

இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன் எப்போதும் வாண்டு கையில், இந்த வீட்டில் ரகசியம் பேச மூலையும் கிடையாது. எழுத்துக்கூட்டவே திணறிக்கொண்டிருந்தவள் இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உனக்குக் கதைப்புத்தகத்தைக் கடகடவென்று படித்துக் காட்டுகிறாள். நீ பூரித்துப் போகிறாய். டீச்சரும் இனிமேல் இவளுக்குத் தனி வகுப்பு வேண்டாம், மற்ற பிள்ளைகளோடு உட்காரட்டும் என்று சொல்லிவிட்டார். எனக்கு மட்டும் உறுத்தல். அதே பிள்ளை எழுதச் சொன்னால் பென்சில் சீவப் போகிறாள், வயிறு வலிக்கிறது என்கிறாள். தன் வேலை குறையட்டும் என்று டீச்சர் அப்படிச் சொல்கிறாரோ என்று முதலில் நினைத்தேன். அப்புறம் அம்மா பின்னால் நின்று சொல்லிக்கொடுக்கிறாளோ என்று அவளைச் சமையலறைக்கு விரட்டிப் பார்த்தேன், அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன புதன்கிழமை வாண்டைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். கண் எழுத்தில் இல்லை, என் முகத்தில் இருந்தது. டிக்கெட் எடுக்காதவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள். நானே புரட்டுகிற சாக்கில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். அவள் நிறுத்தவே இல்லை. மூடிக் கிடந்த பக்கத்தில் யானை குளத்தில் இறங்குவதை ஒரு வரி பிசகாமல் படித்தாள், நடுவில் ஒரு செருமல் வேறு. அந்தச் செருமல் உன்னுடையது. தூங்கப் போகும்போது கேட்கட்டும் என்று நீ போனில் கதை படித்து அனுப்புகிறாயே, அதில் அதே இடத்தில் நீ செருமுகிறாய். கழுதை உன் குரலையே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது.

யாரை ஏமாத்தப் பார்க்கிறே என்று சத்தம் போட்டேன். அவள் அழவில்லை. "எழுத்தெல்லாம் ஒரே மாதிரி இருக்குப்பா, பார்த்துக்கிட்டே இருந்தா நகருது" என்றாள். அப்புறம், "அக்காகிட்ட சொல்லாதீங்க, தெரிஞ்சா கதை அனுப்ப மாட்டா" என்றாள். சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன். முழுப் புத்தகத்தையும் மனசில் வைத்திருக்கிற பிள்ளையை மக்கு என்று யாராவது சொல்லட்டும், அப்போது பார்த்துக்கொள்கிறேன். மறுநாளே லீவு போட்டு டீச்சரைப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. அவள் பார்க்காத புத்தகம் ஒன்றைக் கொடுங்கள் என்றேன். வாண்டு படத்தைப் பார்த்துத் தானாக ஒரு கதை சொன்னாள், அதுவும் நல்ல கதைதான். டீச்சர் புத்தகத்தை வாங்கி மூடி வைத்துவிட்டு, தனி வகுப்பு தொடரட்டும், கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றார்.

நீ கதை அனுப்புவதை நிறுத்திவிடாதே. கொஞ்சம் மெதுவாகப் படி, நான் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்துக் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவளைப் படிக்கச் சொல்லாதே, சும்மா பேசு. நீ படித்தாலும் படிக்காவிட்டாலும் அக்கா கதை அனுப்புவேன் என்று உனக்கே தோன்றியதுபோலச் சொல். பார்த்துச் சொல், அவளுக்கும் என் புத்திதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்து தோளை ஒட்டி நின்றாள். யாருக்குப்பா என்றாள். ஆபீசுக்கு என்றேன். தாளையே பார்த்தாள். மேலே அன்பு மகளுக்கு என்று பெரிதாக எழுதியிருக்கிறது, அதையும் பார்த்துவிட்டு, சரிப்பா என்று போய்விட்டாள். மாட்டவில்லை என்று ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாததால் கிடைத்த நிம்மதி அது. இவளிடம் நான் கையும் களவுமாக மாட்டுகிற நாள் சீக்கிரம் வரட்டும் என்று நீயும் வேண்டிக்கொள்.

நீ நன்றாக இரு, உடம்பு நோகாமல் இரு. சளிக்கு மருந்து வாங்கினாயா என்று மறக்காமல் சொல், உண்மையைச் சொல்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா