பதினான்கு காரணங்களும் ஒரு பட்டறையும்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு மிச்சம் இருக்கிறதா என்று தெரியாததால் நம்புவதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதினேன். மூன்றைக் கிழித்துவிட்டேன். இதுவாவது தபால்பெட்டியின் வாய்வரை போகுமா என்பது சந்தேகம்தான்.

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடு. வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் நான் ஒரு கொல்லுப் பட்டறை போட்டிருக்கிறேன்.

போன வருஷம் பின்கதவின் கீல் உடைந்தது. அந்த அளவு கீல் எந்தக் கடையிலும் இல்லை. "கதவையே மாத்திடுங்க சார்" என்றார் கடைக்காரர். நாற்பது வருஷம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். ஓர் எழுத்து தப்பு என்பதற்காகப் பக்கத்தையே தூக்கி எறிந்து பழக்கமில்லை. நூலகத்திலிருந்து மூன்று புத்தகம் எடுத்துவந்து குறிப்பெடுத்தேன். லாரியின் பழைய பிரேக் டிரம் உலையானது. உன் அண்ணி தலை உலர்த்துகிற மிஷின் துருத்தியானது. பழைய இரும்புக் கடையில் கிடைத்த தண்டவாளத் துண்டு பட்டறைக்கல்லானது. நான் அடித்த முதல் கீல் நாய் மென்று துப்பியது போல இருந்தது. இரண்டாவது, அதே நாய் கொஞ்சம் நிதானமாக மென்றது போல. மூன்றாவதில் கதவு தொங்குகிறது, சத்தமில்லாமல் மூடுகிறது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. தெருவில் இரண்டு வீட்டுக்கு ஜன்னல் கொக்கி செய்து கொடுத்தேன், ஒருவருக்கு மாடிப்படிக்குக் கைப்பிடி. என் வலது தோள் வலிக்கிறது. வயதுதான் என்று நினைக்கிறேன்.

இனி கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். கொட்டகை எட்டடிக்கு ஆறடி. நீளமான கம்பியைத் திருப்பினால் சுவரில் இடிக்கிறது. போன மாதம் பழுத்த முனை என் சட்டைக் கையைத் தொட்டுவிட்டது. கைக்கு ஒன்றுமில்லை. பட்டறையை விரிக்க ஒரே வழி, கொட்டகையை ஒட்டிய உன் அறை. நடுச்சுவரை எடுத்தால் போதும். அறை பூட்டி இருபத்திரண்டு வருஷமாகிறது, சாவி உன்னிடம். "பூட்டை உடைச்சா உங்க தம்பி போலீஸையா கூட்டிட்டு வரப் போறார்?" என்கிறாள் உன் அண்ணி. நான் உடைக்க மாட்டேன். அது உன் அறை.

அன்றைக்கு அதே கொட்டகையில் பட்டறை போடவேண்டும் என்று கேட்டவன் நீ. கூடாது என்றவன் நான். அதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 15

அண்ணா,

சிரிச்சேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னாச்சோன்னு எட்டிப் பாக்குற அளவுக்குச் சிரிச்சேன். அப்புறம் கோவம் வந்துச்சு.

பதினாலு காரணம். நெருப்பு, புகை, சத்தம், அக்கம்பக்கம், ஓடு, மழை, இன்னும் என்னென்னவோ. மார்ஜின் விட்டு, நம்பர் போட்டு, முத்து முத்தா எழுதி, என் கதவுக்கடியில தள்ளிட்டு நீ பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டே. மூஞ்சியப் பாத்து "வேணாம்டா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சண்டை போட்டுட்டு அங்கேயே கிடந்திருப்பேன். காகிதத்தோட எப்படிச் சண்டை போடுறது? அதான் பூட்டிட்டுக் கிளம்பினேன். அப்புறம் ஆயுசு பூரா அடுத்தவன் பட்டறையிலதான் அடிச்சேன்.

ரூம் கிடையாது. உள்ள இருக்கறதைத் தொடாதே.

தோள்வலி வயசு இல்ல. கல்லை எந்த உயரத்துல வச்சிருக்கே? நீ வச்சிருக்கற லட்சணம் எனக்கு இங்கிருந்தே தெரியுது. எழுதுற மேஜை உயரம். சரியா? நிமிந்து நில்லு, கையைத் தொங்க விடு, முஷ்டியை மடக்கு. விரல் கணு எங்க வருதோ, கல்லோட தலை அங்க வரணும். அது ஆளுக்கு ஆள் மாறும். கடன் வாங்க முடியாத அளவு அது ஒண்ணுதான்.

அண்ணியைக் கேட்டேன்னு சொல்லு.

தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

மேஜை உயரமேதான். எழுபத்தைந்து சென்டிமீட்டர். நாற்பது வருஷம் உட்கார்ந்த மேஜையை அளந்து அதே அளவில் மரக்கட்டையை அறுத்திருந்தேன். வேறு அளவு இருக்கக்கூடும் என்றே தோன்றவில்லை. புத்தகத்தில் இருந்திருக்கிறது, அந்தப் பக்கத்துக்கு நான் குறிப்புகூட எடுத்திருக்கிறேன். உன் அண்ணியிடம் என் கணு உயரத்தை அளக்கச் சொன்னேன். அறுபத்தெட்டு. ஏழு சென்டிமீட்டர் குறைத்தேன். மூன்றாம் நாள் தோள்வலி போய்விட்டது. நன்றி என்பது சின்ன வார்த்தை.

அறையைப் பற்றி நீ சொன்னதற்கு மறுபேச்சில்லை. கம்பியைப் பாதியாக அறுத்து, வேலை முடிந்ததும் சேர்த்து ஆணி அறைகிறேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பட்டறையை நிறுத்துவதாக இல்லை.

ஒரு சம்பவம். பக்கத்து வீட்டு நர்ஸ் இரவுப் பணி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். என் சத்தம் அவருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று எனக்கே உறுத்தியது. எந்தெந்த நேரம் அடிப்பேன் என்று ஓர் அட்டவணை எழுதி அவர் கதவுக்கடியில் வைக்கக் கிளம்பினேன். உன் அண்ணி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு தடவை கதவுக்கடியில தள்ளினது போதாதா? போய்த் தட்டுங்க."

தட்டினேன். நர்ஸ் கதவைத் திறந்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க அடிக்கறதுகூடப் பரவால்ல. எப்ப நிறுத்துவீங்கன்னு காத்துக்கிட்டே படுத்திருக்கேன் பாருங்க, அதுதான் தூக்கத்தைக் கெடுக்குது." இப்போது அவருடைய டூட்டி சார்ட் என் கொட்டகைச் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்த்துத்தான் உலையைப் பற்றவைக்கிறேன்.

இருந்தும் கல் மணி போல ஒலிக்கிறது. அதைக் குறைக்க வழி உண்டா?

அன்றைய தாளின் பிரதி என்னிடம் இல்லை. நினைவிலிருந்து எண்ணிப் பார்த்தேன். பதினான்கில் பதினொன்றை நானே மீறியிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

கல்லோட இடுப்புல கனமான சங்கிலியை இறுக்கிச் சுத்து. அடியில ஸ்பீக்கர் காந்தம் ஒண்ணு ஒட்டு. கோயில் மணி செத்த தவளை ஆயிடும்.

உனக்குப் பிரதி வேணுமா? அசலே இருக்கு, இதோட வச்சிருக்கேன். நாலு ஊரு மாறியும் தூக்கிப் போடல. ஏன்னு கேக்காதே, எனக்கே தெரியாது.

நாற்பது வருஷம் ஊரான் எழுதினதுல தப்புக் கண்டுபிடிச்சியே, இப்ப இதைத் திருத்தி அனுப்பு பாக்கலாம்.

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

தாளைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வாரம் மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் எழுத்துப்பிழை தேடினேன். பழக்கம். ஒன்றுகூட இல்லை, அது எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒன்று, நெருப்புப் பிடிக்கும்: மணல் வாளி இரண்டு வைத்திருக்கிறேன், பிடிக்கவில்லை. மூன்று, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள்: கொக்கி கேட்டு வருகிறார்கள். ஒன்பது, நம் குடும்பத்தில் யாரும் இந்த வேலை செய்ததில்லை: இதை எழுதிய கையை இப்போது பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும், நான்கு விரலில் காய்ப்பு. இப்படியே பதினான்கையும் சிவப்பு மையால் அடித்தேன்.

அடித்த பிறகு தாள் காலியாக இருந்தது. கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். முதலில் பென்சிலால் எழுதினேன், பிறகு மையால்.

"பதினைந்து: எனக்குப் பயமாக இருக்கிறது."

அன்றைக்கு எழுதியிருக்க வேண்டியது இந்த ஒரு வரிதான். எழுதக்கூட வேண்டாம், சொல்லியிருக்கலாம். நீ சிரித்திருப்பாய், பழையபடி "காற்புள்ளி" என்று என்னைக் கேலி செய்திருப்பாய், பட்டறையும் போட்டிருப்பாய். என் பயத்துக்கு நான் பதினான்கு சட்டை தைத்துப் போட்டேன். நீ அந்தச் சட்டைகளோடு இருபத்திரண்டு வருஷம் சண்டை போட்டிருக்கிறாய்.

அறைக்காக இதை எழுதவில்லை. ஒருமுறை வந்து பட்டறையைப் பார். கல்லின் சத்தம் அடங்கிவிட்டது. "வீட்டுல ஏதாவது ஒண்ணாவது வாயை மூடிச்சே" என்றாள் உன் அண்ணி.

அன்புடன்,
அண்ணன்


மே 2

காற்புள்ளி அண்ணாவுக்கு,

சாவி உள்ள இருக்கு. பூட்டுக்கு எண்ணெய் விட்டுட்டு அரை நாள் பொறு. முரட்டுத்தனமா திருகாதே, உள்ளயே ஒடைஞ்சுடும்.

சுவரை மேலேர்ந்து எடு, கீழேர்ந்து எடுக்காதே. அதுக்கு முன்னாடி கூரை உத்திரம் எதுல நிக்குதுன்னு பாரு. அந்தச் சுவர்லன்னா ரெண்டு பக்கமும் முட்டுக் கொடு. சந்தேகமா இருந்தா கொத்தனாரைக் கூப்பிடு. உனக்குச் சந்தேகமாத்தான் இருக்கும், அதனால கூப்பிட்டுடு.

மூலையில ஒரு மரப்பெட்டி இருக்கும். திறந்துக்கோ. அண்ணியோட மிஷினை அண்ணிகிட்டயே குடுத்துடு.

வரச் சொல்றே. எனக்கு இப்ப பயணம் ஒத்துக்கறதில்ல. விடு.

தம்பி


மே 28

அன்புள்ள தம்பிக்கு,

சுவர் போய்விட்டது.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். உத்திரம் அந்தச் சுவரில்தான் நின்றது. மனிதர் மேலே பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "யார் சார் சொன்னது முட்டுக் கொடுக்கணும்னு?" என் தம்பி என்றேன். "விஷயம் தெரிஞ்சவர்" என்றார். நான் செய்த கீலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இப்போது பட்டறை எட்டடிக்குப் பதினேழு. இரண்டு ஜன்னல், உலைக்கு மேலே புகைபோக்கி. ஏழடிக் கம்பியை எந்தப் பக்கம் திருப்பினாலும் இடிக்கவில்லை. முதல் நாள் வேலை எதுவும் இல்லாமல் கம்பியை வெறுமனே திருப்பிக்கொண்டே நின்றேன்.

பெட்டியைத் திறந்தேன். கையால் சுற்றுகிற ஊதுலை விசிறி, நான்கு சுத்தியல், மூன்று குறடு. எல்லாவற்றுக்கும் எண்ணெய்த் தாள் சுற்றியிருந்தது. ஒன்றுகூட உலையைப் பார்த்ததில்லை. பெட்டியின் மூடியில் தேதி எழுதியிருக்கிறாய். என் தாளுக்கு ஒன்பது நாள் முந்திய தேதி. அன்றைக்கு மேற்கொண்டு வேலை செய்ய முடியவில்லை. மறுநாள் விசிறியைப் பொருத்திவிட்டேன். கரி ஒரே நிமிஷத்தில் வெளுக்கிறது. சுத்தியல்களைத் தொடவில்லை, அவை உன் கைக்கு வாங்கியவை.

இரும்புக் கடையில் இன்னொரு தண்டவாளத் துண்டு கிடைத்தது. உன் அறை இருந்த பக்கத்தில், ஜன்னலோரமாக, அதற்கும் ஒரு மரக்கட்டை நிறுத்தியிருக்கிறேன். நிலைப்படியில் உன் உயரத்தைக் குறித்த பென்சில் கோடு இன்னும் இருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டு, கல்லின் தலை எழுபத்தெட்டில் வரும்படி அறுத்தேன். அறுத்த பிறகுதான் நீ எழுதியது நினைவுக்கு வந்தது: கடன் வாங்க முடியாத அளவு. ஊகிக்கவும் கூடாதல்லவா?

நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, முஷ்டியை மடக்கி, கணு எங்கே வருகிறது என்று பார்த்து எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம். ஓர் எண் போதும்.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 10

அண்ணா,

ஐம்பது.

தப்பா எழுதிட்டேன்னு நினைச்சுச் சிவப்பு மையைத் தேடாதே. சரியாத்தான் எழுதியிருக்கேன்.

மூணு வருஷம் முன்னாடி வேலை செய்யற இடத்துல ஒரு இரும்புத் தூண் சரிஞ்சு இடுப்புல விழுந்துச்சு. அதுலேர்ந்து சக்கர நாற்காலிதான். உக்காந்தா முஷ்டிக் கணக்கு செல்லாது. முழங்கைலேர்ந்து ஒரு சாண் இறக்கி, கல்லுக்குப் பக்கவாட்டுல உக்காந்தா வர்ற அளவு அது. அளந்துதான் பாத்தேன். ஏன் அளந்தேன்னு தெரியல.

உனக்குச் சொல்லல. சொன்னா பதினாறாவது காரணம் எழுதுவே. "உடம்பைப் பாத்துக்கோ, அங்கேயே இரு"ன்னு.

கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.

தம்பி


ஜூன் 14

தம்பி,

வரைவு எழுதாமல் நேராக எழுதுகிறேன். அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்றே கட்டையை அறுத்துவிட்டேன். இருபத்தெட்டு சென்டிமீட்டர். ஒருமுறைதான் அளந்தேன். ஏழுமுறை அளக்கிற ஆள் ஒருமுறை அளந்து ரம்பத்தை எடுத்ததைப் பார்த்து உன் அண்ணி, "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நீ எழுதியதைக் காட்டினேன். அழுது முடித்துவிட்டு, "படி இருக்கே" என்றாள். பின்வாசலில் மூன்று படி. கொத்தனார் நேற்று வந்து அதைச் சரிவுப் பாதையாக்கிவிட்டார். அதற்குக் கைப்பிடிக் கம்பி நான் அடித்தது. ஏழடிக் கம்பி, நடுவில் ஒட்டு இல்லை.

நீ இடதுகைக்காரன். உன் சுத்தியல் நான்கையும் இடப்பக்கச் சுவரில் நீ உட்கார்ந்தால் எட்டும் உயரத்தில் மாட்டியிருக்கிறேன். நர்ஸின் டூட்டி சார்ட்டையும் கொஞ்சம் இறக்கி மாட்டினேன், நீயும் பார்க்க வேண்டுமே.

பதினாறாவது காரணத்தை எதிர்பார்த்தாய். எவ்வளவோ தோன்றியது, பொய் சொல்லவில்லை. பயணம், உன் உடம்பு, என் வயது. பென்சிலைக்கூட எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் தபால்தலை இல்லை என்பதைக் கவனித்திருப்பாய். இதைத் தபாலில் போடவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருகிறேன். உன் நாற்காலியை ரயிலில் எப்படி ஏற்றுவது, இறக்கும்போது யாரைக் கூப்பிடுவது எல்லாம் ஸ்டேஷனில் விசாரித்துவிட்டேன். உன் வாசலுக்கு வந்ததும் வீட்டுக்கு வா என்று முதலில் வாயால் சொல்லப் பார்ப்பேன். வார்த்தை வராவிட்டால் இதை உன் கையில் கொடுப்பேன். நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால், வார்த்தை வரவில்லை என்று பொருள். நான் எதிரில்தான் நின்றுகொண்டிருக்கிறேன், நிமிர்ந்து பார்.

ஆனால் கதவுக்கடியில் தள்ளவில்லை. தட்டினேன்.

அண்ணன்