எகிப்துக்குப் போன மண்சுவர்

அரியலூர், 9-2-1944

என் ஸ்டுடியோத் திரையில் வரைந்திருக்கும் மாளிகை எந்த தேசத்தது என்று எனக்குத் தெரியாது. வரைந்தவருக்கும் தெரிந்திருக்காது. பளிங்குப் படிக்கட்டு, இரண்டு அன்னங்கள், பின்னால் பனிமலை. அரியலூர்ப் பிரமுகர்களில் பாதிப்பேர் அந்தப் படியில் கைத்தடியோடு நின்றிருக்கிறார்கள்.

இன்று உடையார்பாளையம் பக்கத்திலிருந்து பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் முத்தாயி என்ற பெண் வந்தாள். கணவன் சிங்காரவேலு பட்டாளத்தோடு எகிப்தில் இருக்கிறானாம். அவனுக்கு அனுப்பப் படம் வேண்டும். என் மனைவி லீலாவதி தன் முகூர்த்தப் பட்டுப்புடவையையும் காசுமாலையையும் கொண்டுவந்து அவளுக்குப் போட்டுவிட்டாள். எங்கள் கல்யாணத்தன்று இவ்வளவு அக்கறை காட்டியதாக நினைவில்லை. முத்தாயியைப் படிக்கட்டில் நிறுத்தினேன். படத்தில் மகாராணியாக விழுந்தாள்.

23-2-44

படம் பிடிக்கும் கண்ணாடித் தட்டுகள் மதராஸிலும் கிடைக்கவில்லையாம். யுத்தம் என் கடை வரை வந்துவிட்டது.

2-6-44

முத்தாயி கடிதத்தோடு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் உறையைப் பிரித்து முதலில் மனசுக்குள் படித்தேன். "பெரிய இடமாத்தான் புடிச்சிருக்கே. பட்டு, காசுமாலை, பங்களா. நல்லா இரு. நான் இனிமே ஊருக்கு வரல."

"என்னாங்க சார், படம் நல்லாருக்குன்னாரா?"

"ரொம்ப நல்லாருக்குன்னுதாம்மா எழுதியிருக்கார். அதான் சங்கடம்."

வாய்விட்டுப் படித்தேன். அவள் அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தத் துணிய நம்பி ஒரு மனுசன் பொண்டாட்டிய வுட்டுருவாராங்க?"

விட்டுவிட்டானே. நான் என்ன செய்தேன்? படம்தானே எடுத்தேன் — அதுதான் செய்தேன்.

மாளிகை வெறும் துணி என்று உடனே பதில் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவனுக்கு எப்படி வரும்?

லீலாவதி இரவு சாதம் போடும்போது: "உங்க மாளிகையும் என் பொடவையும் சேந்து ஒரு குடும்பத்தக் கெடுத்துடுச்சு. போயி எதாவது செய்யுங்க."

11-6-44

காமிராப் பெட்டியையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு போனேன். என் திட்டம் கம்பீரமானது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரத்தின் முன் முத்தாயியை நிறுத்திவிட்டால், நம் சீமைதான் என்று பட்டாளத்தான் ஒரு பார்வையில் கண்டுகொள்வான். நேற்றே அங்கே போய்த் தங்கி, இன்று விடியற்காலை வெயிலில் கோபுரத்தை மட்டும் ஒரு படம் எடுத்தேன். தொள்ளாயிரம் வருஷமாக அசையாமல் நிற்பவர். படம் பிடிக்க அவரைப் போல வசதியான ஆள் இல்லை. உண்மையைச் சொன்னால், சிறிது நேரம் கும்பிடத் தோன்றியது.

முத்தாயி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். வர மறுத்துவிட்டாள்.

"அங்க போயி நின்னா, கோயிலுக்கு எவங்கூடப் போனேம்பாருங்க."

தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

"எங்க வூட்டுலயே எடுங்க. இத எவனும் துணியில வரஞ்சு வச்சிருக்க மாட்டான்."

ஒற்றை மண்சுவர். அதில் மேலிருந்து கீழ்வரை வறட்டி. சலவை செய்த பழைய நூல்சேலையில் அதன் முன் நின்றாள். இதில் என்ன இருக்கிறது என்று எண்ணிக்கொண்டுதான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. சாய்வெயில். ஒவ்வொரு வறட்டியிலும் ஐந்து விரல் பள்ளம், ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் நிழல். கோபுரத்தைக் கட்டிய கொத்தர்கள் யாரும் கைரேகை வைத்துவிட்டுப் போகவில்லை. இங்கே சுவர் முழுக்க ஒரே கை.

"உள்ள தூங்கிட்டீங்களா சார்?" என்று குரல் வந்த பிறகுதான் தலையை வெளியே எடுத்து, லென்ஸை மூடித் தட்டைச் செருகி, மூடியைக் கழற்றிப் படம் பிடித்தேன்.

20-6-44

சுவர்ப் படம் எகிப்துக்குப் போயிற்று. கோபுரத்துக்கும் சுவருக்கும் தனிப் பிரதி போட்டுக் கடை முகப்பில் மாட்டினேன். கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். சுவரைப் பார்த்து, "இது யாரு வூடு?" என்று நின்றுவிடுகிறார்கள்.

17-8-44

பதில் இல்லை. முத்தாயி சந்தைக்கு வந்தவள் போல வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். என்னைக் குறை சொல்வதில்லை. சொன்னால் தேவலை.

3-10-44

வந்துவிட்டது!

"வறட்டி இன்னமும் கோணலாத்தான் தட்டறே. செவுத்துல மேக்கால வெடிப்பு வுட்டுருக்கு, மழைக்கு முன்ன பூசு. சண்டை முடிஞ்சதும் வர்றேன்."

முத்தாயி மறுபடி மறுபடி படிக்கச் சொன்னாள். கூடவே, எகிப்துப் பிரமிட்டின் அடியில் நின்று அவன் எடுத்துக்கொண்ட படம் ஒன்று.

"இம்மாம் பெரிய கோபுரத்துல இவரு எங்கங்க?"

ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினேன்.

"எளச்சிட்டாரு" என்றாள்.

8-1-45

அவன் முகாமில் அந்தச் சுவர் பிரபலமாகிவிட்டதாம். இன்னும் சிலர் தங்கள் வீட்டை எடுக்கச் சொல்லி எழுதுகிறார்கள். பூலாம்பாடியில் ஒரு கிணற்றடி எடுத்தேன். லப்பைக்குடிக்காட்டில் ஒரு பச்சைக் கதவு. "படத்துல பச்சை தெரியாதேம்மா" என்றேன். "அவுகளுக்குத் தெரியும்" என்றார் அந்த அம்மா.

3-3-46

இன்று முத்தாயி வீட்டில் படம் எடுத்தேன். சிங்காரவேலு போன வாரம் வந்துவிட்டான். என்னைப் பார்த்ததும், "பங்களாக்காரரா?" என்றான். சிரித்தானா என்று மீசைக்குள் தெரியவில்லை. பட்டாளப் பழக்கம், கம்பமாக நின்றான். "ரெண்டு பேரும் அசையாதீங்க" என்று சொல்லி மூடியைக் கழற்றினேன். அவன் அசையவில்லை. அவள்தான் திரும்பி அவனைப் பார்த்துவிட்டாள்.

அசைந்துவிட்டதால் படத்தில் அவள் முகம் கலங்கித்தான் விழும். கையில் இன்னொரு தட்டு இருந்தது. மறுபடி எடுக்கவில்லை.