கழுத்து மச்சம்

சித்திரை, செவ்வாய்க்கிழமை, 1972

இன்று ஒருவழியாக இவரைத் திருவள்ளூர் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பின்கழுத்து மச்சத்துக்காகத்தான். மாமியார் அதை ராசி மச்சம் என்பார். ஓட்டப் பந்தயத்துக்கு முன்னால் இவர் வேலை செய்யும் மில் ஆட்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் இவரை அனுப்புவார்கள். ஒரு வாரமாகத் தலையணையில் ரத்தக் கறை. கேட்டால் பனியன் உரசுகிறதாம்.

டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நிறமும் ஒரே சீராக இல்லை, ஓரமும் கோணலாக இருக்கிறது என்றார்.

“வெட்டி எடுத்து மெட்ராசுக்குப் பரிசோதனைக்கு அனுப்பணும். இனிமே உச்சி வெயில்ல ஓடாதே. விடியக்காலைல ஓடு. காலர் வச்ச சட்டை போடு.”

“வெயில்ல ஓடிப் பழகினாத்தான் சார் வர்ற பந்தயத்துல ஜெயிக்க முடியும். இத்த வெட்டினா என் ராசியே பூடும்.”

“எத்தனை நாளா இருக்கு?”

“பொறந்ததுலேர்ந்து கீது சார்.”

டாக்டர் முகம் கொஞ்சம் தெளிந்தது. “பிறவி மச்சமா? அப்போ பந்தயம் முடிஞ்ச கையோட வா” என்றார்.

எனக்கு அங்கே எதுவும் தோன்றவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் சுரீரென்றது. இவரிடம் சொன்னேன்.

“நீ சரியா பாத்திருக்க மாட்டமே” என்று சிரித்தார். பொய் சொல்லவில்லை, பாவம். பிறந்ததிலிருந்தே இருக்கிறது என்று அம்மா சொன்னதை நம்புகிறார்.

நான் சரியாகத்தான் பார்த்தேன். கல்யாண நலங்கில் அந்தப் பின்கழுத்தில் சந்தனம் பூசியது என் கை. அன்றைக்கு அங்கே மச்சமே இல்லை.