மூன்று பின், ஒரு துண்டு டேப்

சான் லியாந்த்ரோ
மார்ச் 4, 2019

அன்புள்ள தைரோ,

நான் நலம். நீ கேட்ட டெலிகன்வெர்ட்டரை, காமிராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுவோமே அதை, பழைய சாக்ஸில் சுற்றி, பஸ் டிரைவர் எராஸ்மோவிடம் கொடுத்திருக்கிறேன். பிரிந்து ஒன்றரை வருஷத்தில் நீ திருப்பிக் கேட்ட ஒரே பொருள் இதுதான். காமிராவையும் லென்ஸையும் கேட்காததற்கு நன்றி. என்னைக் கேட்காததற்கும் நன்றி சொல்வதா என்று தெரியவில்லை.

எராஸ்மோ பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா, புருஷனுக்குச் சோள அரேபா சுட்டு அனுப்புறியா?" என்றார். "அவருக்கு நம்ம ஊரு அரேபா இனிமே தொண்டையில எறங்காதுண்ணே" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை பயன்படுத்திக்கொண்டேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாலத்தின் மேல் நின்று, எதிர்க்கரையில் உங்கள் கம்பெனிச் சுரங்கத்தின் கழிவுநீர்க் குழாயைப் படம் எடுத்தேன். ஆரஞ்சு நிறத் தண்ணீர் நேராக ஆற்றில் கொட்டுகிறது. நம் முந்நூறு எம்.எம். லென்ஸ் இதை மாட்டியதும் அறுநூறு ஆகிவிடுகிறதல்லவா, குழாய் வாயின் துருகூடத் தெரிகிறது. ஏழு வருஷத்துக்கு முன் நீ இதன் செம்புப் பின்களின் மேல் ஒட்டிய டேப் இன்னும் அப்படியே இருக்கிறது. அது இல்லாவிட்டால் வேறு கம்பெனிச் சாமான் என்று நம் காமிரா முரண்டு பிடித்துத் தானாக ஃபோகஸ் செய்யாது. டேப் இருந்தால், நடுவில் ஒன்று மாட்டியிருப்பதே அதற்குத் தெரியாது. ஏமாற்றுவதில் நீ கெட்டிக்காரன்.

படத்தை ஊரின் ஆற்றுப் பாதுகாப்புக் குழுவிடம் கொடுத்துவிட்டேன்.

கம்பெனி காலண்டருக்குப் பறவை எடுக்கத்தானே கேட்டாய்? இங்கே வராதே. மீன்கொத்தி போய் ஒரு வருஷம் ஆகிறது.

உன்
யமிலே


மெதெயின்
மார்ச் 11

என் யமிலேவுக்கு,

பொட்டலம் வந்தது. சாக்ஸ் என்னுடையதுதான், இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூனில் வேலையை நிரந்தரமாக்குவார்கள் என்கிறார் மேலாளர். லாவ்ரெலெஸ் பக்கம் கம்பெனி வீடு தருகிறார்கள், இரண்டு அறை. மனுவில் மனைவி பெயர் கேட்டிருந்தது. உன் பெயரைத்தான் எழுதினேன். வருவாயா மாட்டாயா என்று இப்போதே சொல்ல வேண்டாம்.

ஒன்று மட்டும் கேள். குழாய்ப் படத்தை இன்னும் பலருக்குக் கொடுக்காதே. இங்கே அதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். ஆறு நம்மால் கெட்டதுமில்லை, நம்மால் சரியாகப் போவதுமில்லை.

அன்புடன்
தைரோ


சான் லியாந்த்ரோ
மார்ச் 20

அன்புள்ள தைரோ,

உட்கார்ந்து எழுத நேரமில்லை, இருந்தாலும் காகிதத்தில்தான் எழுத வேண்டும். என் போனைப் போலீஸ் கொண்டுபோய்விட்டார்கள், காமிராவையும் லென்ஸையும்கூட. வேலி தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து படம் எடுத்தேன் என்று கம்பெனி வழக்குப் போட்டிருக்கிறது.

எங்கள் வக்கீல் லூஸ் தாரி கம்பெனி கொடுத்த ஓர் அறிக்கையைக் காட்டினாள். முதல் பக்கம் மட்டும்தான் இதுவரை கொடுத்திருக்கிறார்கள். படத்தோடு காமிரா தானே எழுதிவைத்த குறிப்பில் 300 எம்.எம். என்று இருக்கிறது. குழாய் ஒரு மீட்டர் அகலம். 300-ல் அது அவ்வளவு பெரிதாக விழ வேண்டுமென்றால் நூறு மீட்டரில் நின்றிருக்க வேண்டும். பாலம் இருநூறு மீட்டர் தள்ளி. நூறு மீட்டர் என்றால் வேலிக்கு உள்ளே.

"அக்கா, உண்மையைச் சொல்லு. உள்ள போனியா?" என்றாள் லூஸ் தாரி.

"போயிருந்தா, இதைவிட நல்ல படமா எடுத்திருப்பேன்டி."

"சிரிக்காத. இது நின்னுச்சுன்னா உனக்கு ஜெயிலு. படத்தையும் குப்பையில போட்டுருவாங்க."

டெலிகன்வெர்ட்டர் இருந்தது, டேப்பினால் காமிரா அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று சொன்னால், "எங்கே அது?" என்கிறார்கள். உன்னிடம் இருக்கிறது. அதையும், அதன் மேல் இருக்கும் டேப்பையும் தொடாமல் அப்படியே அனுப்பு. உன் கையால் ஒட்டியது என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். ஏப்ரல் 9 விசாரணை.

காத்திருக்கும்
யமிலே


மெதெயின்
ஏப்ரல் 3

யமிலே,

உடனே எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். டெலிகன்வெர்ட்டரை எராஸ்மோவிடம் கொடுத்திருக்கிறேன். ரொம்ப அழுக்காக இருந்ததால் ஸ்பிரிட் போட்டு நன்றாகத் துடைத்திருக்கிறேன். புதுசு போல இருக்கிறது.

நாலு வரி எழுதுவது கஷ்டம். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். நாங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர்கள். விசாரணையில் என் பெயரை எடுக்காதே. எல்லாம் நம் இருவருக்காகத்தான். வீட்டுச் சாவி அடுத்த மாதம் கிடைக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தைரோ


சான் லியாந்த்ரோ
ஏப்ரல் 10, 2019

திரு. தைரோ அவர்களுக்கு,

பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் பின்களைத்தான் பார்த்தேன். டேப் இல்லை. பசைகூட இல்லை. இப்படியே மாட்டினால் காமிரா 600 என்று எழுதும், நான் பொய் சொன்னதாகும். துடைத்தவனுக்கு அது தெரியாமல் இல்லை.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தை நேற்று நீதிமன்றத்தில்தான் கொடுத்தார்கள். கையெழுத்து உன்னுடையது. கணக்கில் தப்பே இல்லை. முந்நூறு என்றால் எத்தனை மீட்டர் என்று கேட்டிருக்கிறார்கள், நூறு என்று எழுதியிருக்கிறாய். கேள்வியே தப்பு என்று என் கடிதம் உன் மேசையில் சொல்லிக்கொண்டிருந்தது.

நடந்ததைக் கேள். நீதிபதி டெலிகன்வெர்ட்டரைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"இதுல டேப் எங்கம்மா?"

"இந்தச் சாமானோட சொந்தக்காரர் தொடைச்சுட்டாருங்கய்யா."

கம்பெனி வக்கீல் எழுந்தார். "விட்டா, படம் எடுத்ததே காத்துதான்னு சொல்லுவாங்க போல."

"ஐயா, எனக்கு அந்தப் பழைய டேப் வேணாம்" என்றேன். "எந்த டேப்பும் போதும். உங்க மேசை மேல இருக்கே, அதக் குடுங்க."

ஃபைல் ஒட்டும் டேப். லூஸ் தாரி பையிலிருந்து நகம் வெட்டும் கத்தரி. இடது பக்கம் மூன்று பின்னை மட்டும் மூடும் அளவுக்கு, நீ வெட்டுவது போலவே வெட்டினேன். இரண்டாவது துண்டுதான் சரியாக வந்தது. பறிமுதல் செய்த காமிராவில் மாட்டி, ஜன்னல் வழியாக மாதா கோயில் கடிகாரத்தை எடுத்தேன். குறிப்பில் 300. டேப்பை உரித்து, கையால் ஃபோகஸ் செய்து, நின்ற இடத்திலேயே இன்னொன்று. குறிப்பில் 600. இரண்டு படத்திலும் கடிகாரம் ஒரே அளவு. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மாட்டி இரண்டு முறை பார்த்தார்.

"இந்தம்மா வேலி தாண்டுனதுக்கு ஆதாரம் இல்ல" என்றார்.

"அந்தத் தண்ணிங்கய்யா?"

"அது இந்த வழக்கு இல்லம்மா."

போன வாரம் குழாயை நீட்டித் தண்ணீருக்கு அடியில் விட்டுவிட்டார்கள். இனிமேல் எந்த லென்ஸிலும் விழாது. ஆனாலும் என் படம் ஃபைலில் இருக்கிறது, அதைக் குப்பையில் போட முடியாது. ஆற்றுக் குழு அதை வைத்து நாளை வேறு மனு கொடுக்கிறது. கூட நானும் போகிறேன்.

டெலிகன்வெர்ட்டரை அதே சாக்ஸில் சுற்றி அனுப்புகிறேன். உன் பொருள். நீதிமன்ற டேப்பைத் திரும்ப அதன் மேலேயே ஒட்டியிருக்கிறேன். உரிப்பது உனக்குக் கஷ்டமில்லை.

எராஸ்மோ, "இந்த வாட்டியாவது அரேபாவாம்மா?" என்றார். இல்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வீட்டு மனுவில் மனைவி என்ற இடத்தில் இருக்கும் பெயரை அடித்துவிடு.

யமிலே ஒசாசா
போட்டோகிராபர், சான் லியாந்த்ரோ