டில்லிப் பனியும் அப்பாவின் போனும்

பலாபத்வல,
வியாழக்கிழமை காலை.

அன்பு மகள் தர்ஷிகாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் காய்ச்சல் தடிமன் எதுவும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அபுதாபியில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழும்பி நல்லபடியாக இருக்க மாத்தளை முத்துமாரியை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். கையில் போன் இருக்கும்போது அம்மாவுக்கு ஏன் கடிதம் எழுதத் தோன்றியது என்று யோசிப்பாய். இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நானும் சிரிப்பேன், இரண்டு பேர் சிரிப்பும் சேர்ந்து முன்பக்கத்தில் இருக்கிற நம் மிளகுக் கடை வரைக்கும் கேட்கும், அப்பா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். இராஜசிங்கம் ஐயாவின் மகன் நிருஜன் லீவு முடிந்து நாளைக்கு அபுதாபிக்குத் திரும்புகிறான், அவன் கையில் மிளகாய்த்தூளோடு சேர்த்து இதையும் கொடுத்துவிடுகிறேன். நல்ல பிள்ளை, பார்சலை வாசலில் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதே, உள்ளே கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடு. வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை.

யாத்திரை போய் வந்ததிலிருந்து அப்பா ஏன் போனுக்கு வருவதில்லை என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றேன், குளிக்கிறார் என்றேன், ஒரு நாள் ஒரே பேச்சில் இரண்டையும் சொல்லி மாட்டிக்கொண்டேன். போன முறை நீ, "அப்பாவுக்கு என்மேல ஏதும் கோபமாம்மா?" என்று கேட்டபோது உன் குரல் உள்ளே போனது எனக்குத் தெரிந்தது. கோபம் இல்லை மகளே. உன் அழைப்பு என்று தெரிந்ததுமே அந்த மனுஷன் பின்பக்கம் போய்க் கராம்பு மூட்டைக்குப் பின்னால் நின்றுகொள்கிறார். அதற்குக் காரணம் நான்தான். முதலிலிருந்து சொல்கிறேன்.

ஹரித்வார் போக மாத்தளையிலிருந்து ஒரு குழுவாகக் கிளம்பினோம் அல்லவா, கட்டுநாயக்கவில் விமானம் ஏறியதிலிருந்து உன் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. முதல் தடவை விமானம் ஏறுகிற பயம், பயம் வந்தால் அவருக்கு வாய் நீளும் என்று உனக்குத் தெரியும். ஜன்னல் பக்கத்து இடத்தை எனக்குத் தராமல் தானே பிடித்துக்கொண்டார். காது அடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு காதிலும் பஞ்சு. பஞ்சு வைத்தவருக்குத் தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியுமா, பேசியதெல்லாம் விமானம் முழுவதும் கேட்டது. எங்களுக்குப் பின்வரிசையில் இராஜசிங்கம் ஐயாவும் தவமணிதேவி அக்காவும் இருந்தார்கள். ஐயா அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர், அவரிடம் திரும்பித் திரும்பி, "எங்க மக பைலட்டுங்க, எனக்கு இதெல்லாம் அத்துப்படி" என்கிறார். இறக்கையில் ஏதாவது அசைந்தால் அதற்கு ஒரு விளக்கம். சாப்பாடு கொண்டுவந்த பிள்ளையிடமும் உன்னைப் பற்றிச் சிங்களத்தில் அளந்தார், அது வடநாட்டுப் பிள்ளை, ஒன்றும் விளங்காமல் சிரித்துவிட்டு இன்னொரு பன் கொடுத்துவிட்டுப் போனது. அதையும் எனக்குத் தரவில்லை.

டில்லி நெருங்கும்போது கப்டன் பேசினார். கீழே கடும் பனி, விமானம் தானாகவே இறங்குகிற முறையில் இறக்கப் போகிறோம், அதனால் போன் எல்லாவற்றையும் ஃப்ளைட் மோடில் போட்டால் போதாது, முழுதாக நிறுத்திவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் அப்பாவின் ஒரு காதுப் பஞ்சை இழுத்து அதை அப்படியே சொன்னேன். "அதெல்லாம் சும்மா பயங்காட்டுறது, நம்ம புள்ளைக்குத் தெரியாததா?" என்று பஞ்சைத் திரும்ப அடைத்துக்கொண்டு, போனை ஜன்னலோடு ஒட்டி வீடியோ எடுக்க ஆரம்பித்தார். உனக்கு அனுப்பத்தான் எடுத்தார். "இந்தா பாரு தர்ஷி, அப்பாவும் பறக்குறேன்" என்று அதில் பேசியும் இருக்கிறார்.

மேலே நல்ல வெயில், கீழே பார்த்தால் வெள்ளையாக ஒரு தரை, அதற்குள் முங்கியதும் ஜன்னலில் வெள்ளைச் சீலை கட்டினதுபோல் ஆகிவிட்டது. இறக்கையின் நுனிகூடத் தெரியவில்லை. அப்போதுதான் அப்பாவின் வாய் நின்றது. கொஞ்சம் பொறுத்து, "ரிவர்ஸ்டன் மலை வளைவுல பனி இறங்கினா நான் வேன்ல தலைய வெளிய நீட்டி ஓட்டுவேன், இவங்க எங்கிட்டு நீட்டுவாங்க?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார், மெதுவாக என்றால் நாலு வரிசைக்குக் கேட்கிற மெதுவு. போன வருடம் நீ வந்திருந்தபோது அடுப்படியில் இடியப்பத் தட்டை விமானமாக்கிக் காட்டினாயே, அதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடுபாதையிலிருந்து வரும் ரேடியோ அலை வழிகாட்டும், ஒருவர் கருவிகளை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது, மற்றவர் வெளியே விளக்கைத் தேட வேண்டும், குறித்த உயரத்துக்கு வந்தும் விளக்கு தெரியாவிட்டால், இல்லை வேறு எது சரியில்லை என்றாலும், அங்கே பேச்சே கிடையாது, மேலே போய்விட வேண்டும் என்றாய். சக்கரம் இறங்குகிற சத்தம் கேட்டது. இதோ தரை என்று எல்லாரும் காலை ஊன்றிக்கொண்ட நேரம், இயந்திரம் ஒரேயடியாக முழங்கி, முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ள, விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது பார், குழந்தைகள் எல்லாம் வீரிட்டு அழுதன. பின்னாலிருந்து இராஜசிங்கம் ஐயா, "இதென்ன கோதாரி, இறங்கிற நேரத்தில ஏறுறான்!" என்று கத்தினார். தவமணிதேவி அக்கா என் தோளைப் பிடித்து, "டீச்சர், என்னவாம்? உங்கட பிள்ளை சொல்லியிருப்பாள்தானே, சொல்லுங்கோ" என்றார். "பயப்படாதீங்கக்கா, இது அவங்க பழகுன வேலதான், சரியில்லன்னா மேல போயிருவாங்க" என்றேன். வாய்தான் தைரியமாகச் சொன்னது, மனம் முத்துமாரியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் கப்டன் மறுபடி பேசினார். எங்களுக்கு முன்னால் இறங்கிய விமானம் பனியில் ஓடுபாதையை விட்டு விலகத் தாமதமாகிவிட்டது, அதனால்தான் ஏறினோம், சுற்றிவந்து திரும்ப இறங்குவோம் என்று, ஏதோ பஸ் பிந்துகிறது என்பதுபோல் அமைதியாகச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. உயிரோடு குறும்பும் கூடவே வந்துவிட்டது. பஞ்சுக்காரர் என் விலாவில் இடித்து, "என்னா சொல்றாரு?" என்றார். ஜன்னல், பன், வாய் எல்லாம் என் நினைவுக்கு வந்தன. முகத்தை நீளமாக வைத்துக்கொண்டு, "யாரோ போனை நிப்பாட்டலயாம், அதான் இறங்க முடியலயாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதோ. போனை நிறுத்தினார், நின்றுவிட்டதா என்று என்னிடம் காட்டிக் கேட்டார், பிறகு அதைத் துண்டில் சுற்றி முன்னால் இருந்த பைக்குள் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார், விட்டால் அது தானாக முழித்துக்கொள்ளும் என்பதுபோல. தரையில் கால் வைத்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக.

மேலே சுற்றிக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒவ்வொரு மார்கழி தையிலும் நீ போனில், "இன்னைக்கு இங்க நல்ல பனிம்மா, வேல கொஞ்சம் கஷ்டம்" என்பாய். நான் சுவெட்டர் போட்டுக்கொள், காதை மூடிக்கொள் என்பேன். நீயும் சரிம்மா என்பாய். நீ சொன்ன பனி இந்தப் பனி என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒரு தடவைகூட என்னைத் திருத்தாமல் கேட்டுக்கொண்டாயே. முன்னால் அந்தக் கதவுக்குப் பின்னே யாரோ ஒரு பிள்ளை வெளியே பார்க்கக்கூட முடியாமல் எண்களையே பார்த்துக்கொண்டு இருக்கும், அதற்கு எந்த ஊரில் எந்த அம்மா சுவெட்டர் போடச் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ என்று நினைத்தேன். அப்பா என் கையைப் பிடித்து, "நம்ம புள்ள இதுக்குள்ளயா போய்ட்டுப் போய்ட்டு வருது?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். பிறகு கையை விடவே இல்லை.

இரண்டாவது தடவை இறங்கினது யாருக்கும் தெரியவில்லை. வெள்ளையைத் தவிர ஒன்றும் காணவில்லை, திடீரென்று கீழே ஒரு தட்டு, அதற்குப் பிறகுதான் ஜன்னலோரம் ஒரு விளக்கு ஓடியது, அப்புறம் இன்னொன்று. எல்லாரும் கை தட்டினார்கள். அப்பா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, ஆள்கள் எழும்பிப் பை எடுக்கிற வரைக்கும், "ஒக்காரச் சொல்லு, இன்னும் மேகத்துலதான் இருக்கோம்" என்று முனகிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பிறகு கங்கை, குளிர், கூட்டம் என்று நாள் போய்விட்டது.

திரும்பும்போதும் டில்லியில் அதே பனி. ஓடுபாதையில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று அளந்து பார்த்து, போதாவிட்டால் கிளம்பவே விடமாட்டார்கள் என்று நீ சொன்னது சரிதான், ஏறி உட்கார்ந்தும் வெகுநேரம் காத்திருந்தோம். கடைசியில் மஞ்சள் விளக்கு வைத்த ஒரு வாகனம் முன்னால் போக, எங்கள் விமானம் அதன் பின்னாலேயே மெதுவாக நடந்தது. இந்த மாதிரிப் பனியில் கப்டன்தான் கிளப்புவார், பக்கத்தில் இருப்பவர் கிளப்பக்கூடாது என்று உங்கள் இடத்துச் சட்டத்தைச் சொன்னாயே, அதை நான் தவமணிதேவி அக்காவுக்குச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆனால் விமானம் நகருவதற்கு முன்னால் உன் அப்பா செய்த கூத்தைக் கேள். எழும்பி ஒவ்வொரு வரிசையாகப் போய், "போன நிப்பாட்டுங்க, முழுசா நிப்பாட்டுங்க, காட்டுங்க பாப்போம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் கையைக் காட்டியும் கேட்கிறார். இரண்டு வடநாட்டுக்காரர்கள் இவரை அதிகாரி என்று நினைத்துப் பயந்து லப்டொப்பையும் மூடிவிட்டார்கள். இராஜசிங்கம் ஐயா அப்பாவிடம், "முத்தர், இருங்கோ, உங்களை இறக்கிவிடப் போறாங்கள்" என்று கெஞ்சினார். விமானப் பணிப்பெண் வந்து கையைப் பிடித்துக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன், ஜன்னல் இப்போது எனக்குத்தான்.

வீட்டுக்கு வந்தும் அவர் போனைத் திறக்கவில்லை, அலுமாரியில் வேட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். போதும் விளையாட்டு என்று நான் உண்மையைச் சொன்னேன். கேட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "என்ன ஆத்துறதுக்காகச் சொல்ற, எனக்குத் தெரியாதா" என்றார். சத்தியம் செய்தேன், நம்பவில்லை. இராஜசிங்கம் ஐயாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன், அவர் அந்த இரைச்சலில் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று கையை விரித்துவிட்டார். முந்தாநாள் சாப்பாட்டில் கை வைத்தபடி அப்பா கேட்டார், "பைலட்டோட அப்பனே போன வச்சிக்கிட்டு இருந்தான்னு தெரிஞ்சா அவ வேலைக்கு ஏதும் வந்துருமா?" அப்போதுதான் மகளே எனக்குச் சுட்டது. உன்னோடு பேசினால் வாய் தவறிச் சொல்லிவிடுவார், உனக்குத் தெரிந்தால் நீ மேலிடத்தில் சொல்ல வேண்டி வரும், அதுதான் அவர் ஒளிந்துகொள்வதற்குக் காரணம். எனக்கு அவர் பயந்ததைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது, அவர் உனக்காகப் பயந்துகொண்டிருந்தார். ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் என் போனுக்கு எடு, நான் கராம்பு மூட்டைக்குப் பின்னால் போயாவது அவர் கையில் கொடுத்துவிடுவேன். உன் பைலட் குரலில், சிரிக்காமல், முன்னால் போன விமானத்தால்தான் ஏறினார்கள் என்று சொல். அம்மாதான் கதை கட்டினாள் என்று என்னைக் காட்டிக்கொடுத்தாலும் பரவாயில்லை. ஆனால் நிறுத்தச் சொன்னால் நிறுத்தத்தான் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் அடுத்த தடவை திரும்ப வாய் நீளும்.

இவ்வளவு எழுதி முடிக்கும்போது அவரே உள்ளே வந்தார். நிருஜன் கையில் உனக்குச் சாமான் போகிறது என்று மட்டும் தெரியும். நின்று நின்று யோசித்துவிட்டு, தானும் ஒன்று சொல்ல வேண்டும், எழுதிக்கொள் என்றார். "பனியா இருந்தா, இறங்க முடியலன்னா, வெக்கப்படாம மேல போயிரச் சொல்லு. உள்ள இருக்கிறவங்க கத்துவாங்க, கத்தட்டும். கீழ காத்துக்கிட்டு இருக்கிறவங்க காத்துக்கிட்டே இருக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் நாங்க இருப்போம்னு எழுது." அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன் மகளே, இதில் அம்மா ஒரு சொல்லும் மாற்றவில்லை.

முத்துமாரி உன் கூடவே இருப்பாள், எங்கள் இருவரின் ஆசிர்வாதமும் எந்நேரமும் உனக்கு உண்டு. வெள்ளிக்கிழமையில் விளக்கு வைக்க மறக்காதே.

உன் அம்மா,
சந்திரகாந்தா பழனிமுத்து.